வீட்டுக் கூரையில் சோலார் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோலார் பற்றி விசாரிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தக் கம்பெனி பேனல் நல்லது?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பேர் சொல்லும்படியான பேனல்களுக்குள் வித்தியாசம் கொஞ்சம்தான். கூரையில் எவ்வளவு நிழல் விழுகிறது, பகலில் வீட்டில் எவ்வளவு கரண்ட் செலவாகிறது, மிஞ்சுவதை மின் நிறுவனம் என்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறது: லாபமா நஷ்டமா என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்யும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

கரண்ட் பில்லிலிருந்து. கடைசி 12 மாத பில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மாத பில்லைப் பார்த்து அளவு சொல்கிற ஆளை நம்ப வேண்டாம். ஏசி ஓடும் மாதமும் ஹீட்டர் ஓடும் மாதமும் ஒரே மாதிரி இருக்காது. தொகையைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். தொகையில் நிலைக்கட்டணம், வரி எல்லாம் சேர்ந்திருக்கும். சோலார் போட்டாலும் அவற்றில் சில அப்படியே வந்துகொண்டிருக்கும். பில் பூஜ்யமாகிவிடும் என்று விளம்பரத்தில் சொல்கிறபோது இதைச் சொல்வதில்லை.

அடுத்து, அந்த யூனிட்டில் பகலில் போவது எவ்வளவு, இரவில் போவது எவ்வளவு என்று பாருங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மணிவாரியாகத் தெரியும். இல்லையென்றால் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து வைத்தால் போதும். காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டு இரவில்தான் திரும்புகிற வீட்டுக்கும், பகலெல்லாம் ஆள் இருக்கிற வீட்டுக்கும் கணக்கே வேறு.

எங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும்?

ஒரு கிலோவாட் பேனல், நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் தரும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் சூடு, தூசி, வயர், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்றுவிடும். மொத்தத்தில் 20 முதல் 25 சதவீதம் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட ஐரோப்பா போன்ற மேகம் மிகுந்த பிரதேசங்களில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 900 முதல் 1,000 யூனிட் கிடைக்கும். வெயில் கொட்டும் இடங்களில் 1,400 முதல் 1,600 வரை வரும்.

உங்கள் இடத்துக்கு எவ்வளவு வரும் என்று பார்க்க விற்பனையாளரை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் (PVGIS), உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் என்ற இரண்டு இணையதளங்களும் இலவசம். வரைபடத்தில் உங்கள் வீட்டைத் தொட்டால் மாதவாரியாக மதிப்பீடு வரும். கொட்டேஷனில் போட்டிருக்கும் எண் இதைவிட நிறைய அதிகமாக இருந்தால், எப்படி என்று கேளுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

இப்போது விற்கும் 400 வாட் பேனல் ஒன்று சுமார் 1.7 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம். ஒரு கிலோவாட்டுக்கு இரண்டரை பேனல், அதாவது 5 சதுர மீட்டர். தட்டையான கூரையில் பேனலைச் சாய்த்து நிறுத்த வேண்டும், ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையில் விழக் கூடாது, ஆள் நடக்கவும் வழி வேண்டும். அதனால் 8 முதல் 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. சாய்வுக் கூரையில் ஒட்டியே பொருத்துவதால் இடம் குறைவாகப் போதும்.

கொஞ்சம் நிழல் விழுந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று பலர் சொல்வார்கள். இதில்தான் அதிக வீடுகள் ஏமாறுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேனலுக்குள் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒற்றை வரப்பில் வரிசையாக நடக்கும்போது ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டியதுதான். அதுபோல ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்தத் தொடரில் ஓடும் மின்னோட்டமே குறைந்துவிடும். இதைச் சமாளிக்க, ஒரு பேனலுக்குள் வழக்கமாக மூன்று பைபாஸ் டயோடுகளை வைக்கிறார்கள். நிழல் விழுந்த பகுதியைத் தாண்டி மின்சாரம் போக அவை வழி விடும். ஆனால் அந்தப் பகுதி தர வேண்டிய மின்சாரம் முழுக்கப் போய்விடும். பேனலில் பத்தில் ஒரு பங்கை மறைக்கும் ஒரு கம்பத்தின் நிழல் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தியைக் காலி செய்வது இப்படித்தான்.

எப்படிப் பார்ப்பது? காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்குக் கூரையில் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டுக் கூண்டு, டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டுச் சுவர், மரம் ஆகியவற்றின் நிழல் எங்கே போகிறது என்று பாருங்கள். கோடையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சூரியன் தாழ்ந்து போகும் மாதங்களில் நிழல் நீளும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்கள், தெற்கே இருப்பவர்களுக்கு ஜூன் 21-ஐ ஒட்டியவை. மே மாதம் தொட்டியடியிலேயே சுருண்டு கிடந்த நிழல், டிசம்பரில் இரண்டு வரிசைப் பேனல் மேல் படுத்திருக்கும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் சூரியனின் பாதையைக் காட்டும் செல்போன் செயலிகள் இருக்கின்றன, அவை போதும்.

மரம் வளரும் என்பதையும், பக்கத்துக் காலி மனையில் நாளைக்கு மாடி எழும்பலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். இது 25 ஆண்டு முதலீடு.

நிழலைத் தவிர்க்கவே முடியாத கூரைக்கு, பேனலுக்குப் பேனல் தனியாக வேலை செய்யும் மைக்ரோ இன்வெர்ட்டர் அல்லது ஆப்டிமைசர் போடலாம். ஒன்றின் நிழல் மற்றதைப் பாதிக்காது. செலவு கூடும். நிழலையே விலக்கும் சக்தி எதற்கும் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். முடிந்தால் ஆன்டெனாவை நகர்த்துங்கள், அதுதான் மலிவு.

எங்கள் ஊரில் வெயில் கொளுத்துகிறது. அப்படியானால் மின்சாரமும் கொட்டும்தானே?

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பேனலில் எழுதியிருக்கும் 400 வாட் என்பது செல்லின் வெப்பநிலை 25 டிகிரி இருக்கும்போது, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில் அளந்தது. கூரையில் உச்சி வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். 40 டிகிரி ஏறினால் 14 சதவீதம் போச்சு. அதனால்தான் குளிர்ந்த காற்று அடிக்கும் தெளிவான நாளில் பேனல் பிரமாதமாக வேலை செய்யும். அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடச் சொல்வதும் இதற்காகத்தான்.

மழை நாளில்?

அடர்ந்த மேகம் என்றால் வழக்கமாக வருவதில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை. இரவில் ஒன்றும் வராது. நிலா வெளிச்சத்தில் வரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

எந்தத் திசையில் வைப்பது?

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருந்தால் தெற்குப் பார்த்து, தெற்கே இருந்தால் வடக்குப் பார்த்து. சாய்வு, உங்கள் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ ஏறக்குறைய அவ்வளவு. ஐந்து பத்து டிகிரி முன்னே பின்னே ஆனால் குடி முழுகிவிடாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களிலும் 10 டிகிரியாவது சாய்வு இருக்கட்டும், மழைத் தண்ணீர் தூசியை அடித்துக்கொண்டு போகும்.

கிழக்கு மேற்காகச் சரிந்த கூரை என்று மனம் தளர வேண்டாம். மொத்த உற்பத்தி குறையும்தான். ஆனால் காலையிலும் மாலையிலும், வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில், கூடுதலாக வரும். உபரிக்கு நல்ல விலை கிடைக்காத இடங்களில் அது லாபமாகவே முடியலாம்.

சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் விளக்கு எரியும்தானே?

எரியாது! பேட்டரி இல்லாமல் ஊர் மின்கட்டமைப்போடு (கிரிட்) மட்டும் இணைந்த சாதாரண ஆன்-கிரிட் அமைப்பாக இருந்தால் ஊருக்குக் கரண்ட் போகும்போது உங்கள் வீட்டுக்கும் போய்விடும், உச்சி வெயிலாக இருந்தாலும் சரி. காசு கொடுத்த பிறகு இது தெரியவந்து கொதிக்கிறவர்கள் ஏராளம்.

இது குறை இல்லை, பாதுகாப்பு. லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி ஊழியர் கம்பத்தில் ஏறியிருக்கும்போது, உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குப் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால் கிரிட் போனதை உணர்ந்தவுடன் இன்வெர்ட்டர் தானே நின்றுவிட வேண்டும். ஐட்ரிபிள்ஈ (IEEE) என்ற பொறியாளர் அமைப்பின் 1547 தரநிலை இதற்குத் தரும் அவகாசம் 2 விநாடி.

கரண்ட் போகும்போதும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் வீடு முழுவதும் ஓடுமா, விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கான தனி லைன் மட்டும் ஓடுமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் தனி லைன்தான் இருக்கும்.

அப்படியானால் பேட்டரி போட்டுவிடலாமா?

எதற்காக என்பதைப் பொறுத்தது. கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் பேட்டரி என்பது நிம்மதிக்கான செலவு. அதை மிச்சக் கணக்கில் சேர்த்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். கரண்ட் போகாத இடத்தில், கொடுத்த யூனிட்டுக்கு ஈடாக யூனிட்டே திரும்பக் கிடைக்கிறது என்றால், கிரிட்டே உங்கள் பேட்டரி. தனியாக ஒன்று வாங்கத் தேவையில்லை. உபரிக்கு அற்ப விலையும் இரவு யூனிட்டுக்குக் கொள்ளை விலையும் இருக்கும் இடத்தில்தான் பேட்டரி தன் காசைத் தானே சம்பாதிக்கப் பார்க்கும்.

5 யூனிட் கொள்ளளவு என்றால் 5 யூனிட்டும் கைக்கு வராது. அடிவரை காலி செய்ய விடமாட்டார்கள். ஏற்றி இறக்குவதிலும் சுமார் 10 சதவீதம் போகும். ஒன்றரை கிலோவாட் இழுக்கும் ஏசி ஒன்று மூன்று மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். வாங்குவதானால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை வாங்குங்கள், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கத் தாங்கும். லெட் ஆசிட் வாங்கும்போது மலிவு. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது முடிவு செய்ய முடியாவிட்டால், பின்னால் பேட்டரி சேர்க்கக்கூடிய இன்வெர்ட்டராகப் பார்த்துப் போட்டுவிட்டு ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள்.

போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும்?

கொட்டேஷன் தொகையைப் பணமாகவே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். அதை யூனிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். மானியம் கழித்த மொத்தச் செலவை, நீங்கள் இப்போது ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கும் விலையால் வகுத்தால் போதும். 3 கிலோவாட்டுக்கு வந்த விடை 24,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது அந்த அமைப்பு உங்களுக்கு 24,000 யூனிட் கடன்பட்டிருக்கிறது.

ஆண்டுக்கு 4,000 யூனிட் வரும் இடத்தில், அத்தனையும் முழு விலைக்கு ஈடானால் 6 ஆண்டில் கடன் அடையும். இப்போது அதே அமைப்பை, பகலில் ஆளே இல்லாத வீட்டில் வையுங்கள். 1,600 யூனிட்தான் வீட்டில் செலவாகிறது. மிச்சம் 2,400 வெளியே போகிறது, அதற்கு மூன்றில் ஒரு பங்கு விலைதான் கிடைக்கிறது. அது 800 யூனிட்டுக்குச் சமம். ஆக ஆண்டுக்கு 2,400 யூனிட்தான் அடைகிறது. 10 ஆண்டு ஆகும். அதே பேனல், அதே வெயில், நான்கு ஆண்டு வித்தியாசம்!

துணி துவைப்பது, மோட்டார் போடுவது, தண்ணீர் சுட வைப்பது, மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது இவற்றைப் பகலுக்கு மாற்ற முடிந்தால் இரண்டாவது வீடு முதல் வீட்டை நோக்கி நகரும். ஒரு டைமர் போதும்.

இரண்டு திருத்தம். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் ஊர்களில், சோலார் முதலில் வெட்டுவது அந்த உச்ச விலை யூனிட்டைத்தான். அங்கே சராசரி விலையைப் போட்டால் கணக்கு மோசமாகத் தெரியும். அடுத்து, 25 ஆண்டுக்குள் இன்வெர்ட்டரை ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

கடன் வாங்கிப் போடலாமா?

மாதத் தவணை, மாதம் மிச்சமாகும் தொகையைவிடக் குறைவாக இருந்தால் யோசிக்கலாம். "முன்பணம் வேண்டாம், நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று 20 ஆண்டு ஒப்பந்தம் நீட்டினால், ஆண்டுதோறும் விலை எவ்வளவு ஏறும், வீட்டை விற்றால் என்ன ஆகும் என்ற இரண்டு பத்திகளையும் முதலில் படியுங்கள்.

உபரிக்கு இன்று கிடைக்கும் விலை நாளைக்கும் இருக்குமா?

இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு, வெளியே அனுப்பும் மின்சாரத்தின் மதிப்பை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். முன்பே போட்டவர்கள் 20 ஆண்டுக்குப் பழைய விதியிலேயே தொடரலாம் என்றார்கள். ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்ததும் 20 ஆண்டு உறுதிதான். எனவே இன்றைய விலையைவிட, "இந்த விலை எனக்கு எத்தனை ஆண்டுக்கு உறுதி?" என்ற கேள்வி முக்கியம். பதில் மின் நிறுவனத்தின் காகிதத்தில் இருக்க வேண்டும். பேனல் விற்கிறவர் வாயில் இருந்தால் போதாது.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் விலை குறையாதா? புதுத் தொழில்நுட்பம் வராதா?

பேனல் விலை 2010-க்கும் 2020-க்கும் இடையில் சுமார் 90 சதவீதம் விழுந்தது. ஆனால் அதனாலேயே, இன்று மொத்தச் செலவில் பேனலின் பங்கு சிறுத்துவிட்டது. பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர், வயரிங், இன்வெர்ட்டர், கூலி ஆகியவைதான் பெரிது. அவை அந்த வேகத்தில் குறையாது.

1954-இல் பெல் ஆய்வகம் காட்டிய முதல் சிலிக்கான் செல்லின் திறன், அதாவது விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, 6 சதவீதம் அளவு. இன்று கடையில் கிடைப்பது 20 முதல் 23 வரை. சிலிக்கானின் உச்சவரம்பே 29-ஐ ஒட்டித்தான். சிலிக்கானோடு பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைப் பொருளைச் சேர்த்த செல்கள் ஆய்வகத்தில் 34-ஐத் தாண்டிவிட்டன, உண்மை. கூரையில் 25 வருட வெயிலையும் மழையையும் அவை தாங்குமா என்பது தனிக் கேள்வி. காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் முழு பில் கட்டுகிறீர்கள், அதையும் கணக்கில் எழுதுங்கள்.

25 ஆண்டு வாரண்டி என்கிறார்களே?

அதில் இரண்டு உண்டு. பேனல் உடையாமல், உள்ளே தண்ணீர் புகாமல் இருப்பதற்கான வாரண்டி ஒன்று. 25 ஆண்டுக்குப் பிறகும் இத்தனை சதவீதம் உற்பத்தி இருக்கும் என்பது மற்றொன்று. பெரிய எழுத்தில் 25 என்று போடுவது பெரும்பாலும் இரண்டாவதை. பேனல் ஆண்டுக்கு அரை சதவீதம் போலத் தேயும், 25 ஆண்டு முடிவில் 87, 88 சதவீதம் மிஞ்சும். பிரச்சினை பெரும்பாலும் இன்வெர்ட்டரிலும் கூரை வேலையிலும்தான் வரும். இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு, கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, கழற்றி மாட்டும் கூலி யாருடையது, இவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கூரை தாங்குமா?

பேனல் ஒன்று 20 கிலோவைத் தாண்டும், ஸ்ட்ரக்சரோடு சதுர மீட்டருக்கு 15 கிலோ அளவு வரும். நல்ல கான்கிரீட் கூரைக்கு இது ஒன்றுமில்லை. கனத்தைவிடக் காற்றுதான் கவலை: சாய்த்து நிறுத்திய பேனலைப் புயல்காற்று அடியிலிருந்து தூக்கப் பார்க்கும். பழைய ஓட்டுக் கூரை, தகரக் கூரை என்றால் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். ஐந்தாறு ஆண்டில் கூரையை மாற்ற வேண்டியிருக்கும் என்றால் அதை முதலில் செய்யுங்கள். பேனலைக் கழற்றி மறுபடி மாட்டும் கூலி வயிற்றெரிச்சலைத் தரும்.

தீப்பிடிக்குமா? மின்னல் தாக்குமா?

ஒழுங்காகப் போட்டால் தீ என்பது அபூர்வம். ஆனால் பேனல் தொடரில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும்) மின்சாரம், பகலில் பேனலை அணைக்க சுவிட்சும் கிடையாது. ஆபத்து பெரும்பாலும் இணைப்புகளில்தான். இரண்டு பேனல் வயர்களைச் சேர்க்கும் விரல் நீளக் கறுப்பு கனெக்டர் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். இரு பாதியும் ஒரே தயாரிப்பாக இருக்க வேண்டும். பார்க்க ஒன்று போல இருக்கும் வெவ்வேறு கம்பெனிப் பாதிகளைச் சேர்த்தால் நாளடைவில் தளர்ந்து சூடேறும். வேலை நடக்கும்போது மேலே ஏறி இதைப் பாருங்கள், வயர் கூரைமேல் தொங்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் கோபப்படும் ஆள் வேண்டாம்.

மின்னலுக்குப் பேனல் காந்தமல்ல. ஆனால் எர்த்திங்கும், பேனல் பக்கம் (டிசி), வீட்டு மின்சாரப் பக்கம் (ஏசி) இரண்டிலும் திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பும் கட்டாயம்.

பராமரிப்பு பெரிய வேலையா?

இல்லை. தூசி அதிகமான இடத்தில் மாதம் இரண்டு முறை, மற்ற இடங்களில் மழையே பாதி வேலையைச் செய்துவிடும். விடியற்காலையிலோ மாலையிலோ கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது. உப்புத் தண்ணீர் வெள்ளைத் திட்டு விடும். பறவை எச்சத்தை மட்டும் விட்டு வைக்காதீர்கள், அதுவும் ஒரு நிழல்தான். மாதம் ஒருமுறை இன்வெர்ட்டர் செயலியில் சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேனல் தயாரிக்க ஆகும் ஆற்றலை அது திருப்பித் தருமா?

ஒன்று முதல் இரண்டு ஆண்டுக்குள் தந்துவிடும். மீதி ஆண்டுகள் லாபம்.

யார் போட வேண்டாம்?

பில் ஏற்கெனவே சொற்பமாக வருகிறவர்கள். காலை 9 முதல் 3 வரை கூரையில் பாதி நிழலாக இருப்பவர்கள். மூன்று நான்கு ஆண்டில் வீட்டை விற்கப் போகிறவர்கள். பொதுக் கூரையில் எழுத்துப்பூர்வமான உரிமை இல்லாத அடுக்குமாடிக்காரர்கள். கடைசி நாள் சலுகை என்று அவசரப்படுத்தப்படுகிறவர்கள், இன்று மட்டுமாவது.

வீட்டுக்கே வராமல் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே கொட்டேஷன் அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போடலாமா?

கூடாது. படத்தில் தொட்டி தெரியும், அதன் உயரம் தெரியாது. ஆளை வரச் சொல்லுங்கள். வந்தவர் கூரையில் ஏறி நிழலைப் பார்க்கிறாரா, மீட்டர் பெட்டியைத் திறக்கிறாரா, 12 மாத பில்லைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். பேனலுக்கு ஐஇசி 61215, ஐஇசி 61730 என்ற சர்வதேசத் தர, பாதுகாப்புச் சான்றுகள், பேனலும் இன்வெர்ட்டரும் என்ன மாடல், மாதவாரியாக எவ்வளவு உற்பத்தி வரும், வெளியே போகும், உள்ளே வரும் மின்சாரம் இரண்டையும் அளக்கும் நெட் மீட்டருக்கான விண்ணப்பம் யார் வேலை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதெல்லாம் கொட்டேஷனில் இருக்க வேண்டும். மூன்று பேரிடம் வாங்கி ஒப்பிடுங்கள். கடைசித் தவணையை, அமைப்பு மின் நிறுவன அனுமதியோடு ஓட ஆரம்பித்த பிறகுதான் தருவேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.